செலின் மைனி வண்டியை நிறுத்திய மாலை

பெரியண்ணன் போனில் கூப்பிட்டபோது நான் பூதப்பாண்டி தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். “செலின் போயிட்டா” என்றார். “எங்க?” என்று கேட்டேன்.  போனுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

கவுன்டருக்கு முன்னால் நின்ற பெரியவர் பதிவுத் தபாலுக்கு ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன். முத்திரையைச் சரியான இடத்தில்தான் அடித்திருந்தேன். கூட வேலை பார்க்கிற தோழிதான் என் கையிலிருந்து முத்திரையை வாங்கி வைத்துவிட்டு, “நீ கிளம்பு” என்றாள். நாகர்கோவிலில் இறங்கிக் குளச்சல் பஸ் ஏறினேன். வழி முழுக்கக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

செலின் மைனி என் பெரியண்ணன் சேவியரின் மனைவி. நான் அண்ணனின் தங்கை. குளச்சலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வெளிநாட்டில் கணவர் இருக்கிற பெண்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும், மெடிக்கல் காலேஜுக்கும், பிள்ளைகளின் கல்லூரிகளுக்கும் தம் காரில் கொண்டுபோய்விட்டுக் கூட்டி வந்தவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் ஒரு விஷயத்தை வேறு விதமாகக் கேள்விப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மைனி முட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முகத்துக்கு நேராகப் பேசுவார். அண்ணன் குவைத்தில் பைப் ஃபிட்டராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் வீட்டில் மாமனாரான எங்கள் அப்பாவையும் மகள் ஜெனியையும் பார்த்துக்கொள்வது மைனியின் பொறுப்பாயிற்று.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்த நாளில் நாங்கள் எல்லோரும் மேட்டுப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பள்ளி வாசலில் ஒரு வேன் நின்றது. அடிபட்டவர்களை அதில் ஏற்றிவிட்டார்கள். சாவியும் வண்டியிலேயே இருந்தது. ஓட்டுகிறவரைக் காணவில்லை. அவர் தம் பிள்ளைகளைத் தேடிப் போயிருந்தார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்த வேன் அப்படியே நின்றது. மைனி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கிடந்த ஒரு பெண்ணின் முகத்தில் ஈ உட்காராமல் முந்தானையால் வீசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவர் நாகர்கோவிலுக்குப் போய் டிரைவிங் படித்தார். எதற்கு என்று அப்பா கேட்டார்.

“அன்னைக்கி வண்டி நின்னுச்சு மாமா. சாவியும் இருந்துச்சு. நானும் நின்னேன்” என்றார் மைனி. 

அதற்குப் பிறகு லீவில் வந்த அண்ணன், வீட்டுத் தேவைக்கென்று ஒரு பழைய டீசல் கார் வாங்கிக் கொடுத்தார். சாம்பல் நிறம். டர்போ வைத்த எஞ்சின். மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுவது மாதிரி இருக்கும். முதலில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் சந்தைக்கும்தான் போனது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மெடிக்கல் காலேஜுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு வந்திருந்தது ஆண் டிரைவர் முன்னால் பேச முடியாத நோய். மைனி கூட்டிப் போனார். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு, அது ஒரு தொழிலாகிவிட்டது.

ஆறேழு மாதத்தில் வண்டி நீலப்புகை விட ஆரம்பித்தது. வேகம் எடுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தமும் வந்தது. நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் டர்போவைக் கழற்றினார்கள். நானும் அன்று கூட இருந்தேன். எஞ்சினிலிருந்து வெளியே போகிற நெருப்புப் புகை அதற்குள் இருக்கிற சிறு சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சில் ஓடுகிற ஆயில்தான் அதைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் ஆயில் கரிந்து, அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பாக இருந்தது.

“ஓடி வந்த ஒடனே எஞ்சின அணைச்சிருவீங்க, இல்லியா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“பின்ன, வீடு வந்தா அணைக்காண்டாமா?”

“அணைச்சா ஆயில் ஓட்டம் நின்னுரும். சூடு நிக்காது. உள்ளயே கெடந்து ஆயிலக் கரிச்சிரும். கடைசிக் கொஞ்ச தூரம் பைய வாங்க. வந்து நின்னதும் ஒண்ணு ரெண்டு நிமிசம் ஓடவிட்டு, பெறவு அணையுங்க.”

மைனி அதை அன்றிலிருந்து தவறாமல் செய்தார். திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது கருங்கல் ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். “செலினுக்க வண்டி செபம் சொல்லுது, முடியட்டு” என்று தெருவில் கேலி செய்வார்கள். குவைத்திலிருந்து அண்ணன், “நீ என்னட்டி விமானமா ஓட்டுக?” என்பார். மைனி சிரிப்பார். ஆனாலும் அணைக்கமாட்டார். ஆயிலை நேரத்துக்கு மாற்றுவார். டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரில் உப்புக்காற்றும் மணலும் அப்பிக்கொள்ளும் என்று அதைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார். டர்போவின் மேல் இருக்க வேண்டிய தகட்டு மூடியை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள். அதை மாட்டித் தரச் சொல்லி இரண்டு முறை போனார். தேடித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது 2009இல், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். பிற்பகலில் சாய்வு நாற்காலியில் இருந்தவர் வியர்த்து வழிந்து கீழே சரிந்தார். ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே திருவனந்தபுரம் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறு ஒரு நோயாளியைக் கொண்டு போயிருந்தது. மைனி காரை எடுத்தார். பின் சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். முன்னால் என் இளைய அண்ணன் ராபின்.

அன்றைக்கு மைனி ஓட்டிய மாதிரி அதற்கு முன் ஓட்டி நான் பார்த்ததில்லை. மார்த்தாண்டம் தாண்டியதும் வண்டியின் இழுப்பு குறைந்தது. மைனி ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். கரும்புகை வந்தது, வேகம் வரவில்லை. களியக்காவிளை கடக்கும்போது கருகல் வாடை அடித்தது. பிளாஸ்டிக் எரிகிற வாடை. சூடு காட்டுகிற முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தி மங்கி வந்த நேரம். பாறசாலைக்கு முன்னால் ஒரு பூட்டிய கடையின் எதிரில் மைனி வண்டியை ஓரம் கட்டினார்.

“என்ன மைனி நிறுத்திட்டிய?” என்று ராபின் அண்ணன் கத்தினார்.

மைனி எஞ்சினை அணைக்கவில்லை. ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுக்கத் திருப்பினார். பங்குனி வெக்கையில் வண்டிக்குள் அனல் அடித்தது. “எஞ்சினுக்க சூட்ட இழுக்கட்டு. கதவ ஒக்கத் தொறந்து விடு மக்கா. மாமாவுக்கு வீசிக்கிட்டே இரி” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் பானெட்டைத் திறந்தார்.

நான் இருந்த இடத்திலிருந்து ராபின் அண்ணனின் முகம் தெரிந்தது. பானெட்டுக்குள் பார்த்ததும் அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். டர்போ கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்து கிடந்ததாம். மூடித் தகடு இல்லாததால் பக்கத்தில் போன வயர்களின் உறை உருகித் தொங்கியது. அதிலிருந்துதான் அந்த வாடை.

“வண்டிய எடுங்க மைனி! அப்பா கெடக்கது தெரியல்லியா? போற வரைக்கும் போவட்டு!”

“போவாது லே. இப்பம் நின்னா போய்ச் சேரலாம். எடுத்தா வழியில நின்னுரும். பெறவு ஒரு இடத்துக்கும் போவாது.”

“அப்பம் எஞ்சினயாவது அணையுங்க!”

“அணைச்சா அதோட முடிஞ்சு. நீ ரோட்டுல நின்னு வேற வண்டி வருதா பாரு. வந்தா மாமாவ அதுல ஏத்திருவோம்.”

ராபின் அண்ணன் சாலையில் நின்று கை காட்டினார். ஒரு லாரி போயிற்று, ஒரு பஸ் போயிற்று. கார்கள் நிற்கவில்லை. மைனி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தேடினார். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற பெரிய ரப்பர்க் குழாய், கிளாம்ப் தளர்ந்து பாதி கழன்று நின்றது. டர்போ அழுத்தி அனுப்பிய காற்றெல்லாம் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. காற்றில்லாமல் டீசல் மட்டும் எரிந்து கரும்புகையும் சூடுமாகப் போயிருக்கிறது. மைனி முதலில் சிவப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றார். பிறகு ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, உருகின வயர்களை ஒதுக்கிக் கட்டினார். குழாயை அழுத்திச் செருகி ஸ்குரு டிரைவரால் கிளாம்பை முறுக்கினார். அப்போது முழங்கைக்குக் கீழே எதிலோ பட்டுத் தோல் வழன்றுவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் நான் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அப்பா என் கையைப் பிடித்திருந்தார். ஒருமுறை கண்ணைத் திறந்து, “வந்தாச்சா?” என்று கேட்டார். “இதோ வந்துட்டு அப்பா” என்றேன்.

மைனி ஏறி உட்கார்ந்தார். வண்டி மறுபடியும் இழுத்தது. முன்பு போல் விரட்டாமல் ஒரே சீரான வேகத்தில் போனார். அப்பா உயிரோடுதான் மருத்துவமனைக்குள் போனார். அங்கே டாக்டரிடம் தம் பெயரைத் தாமே சொன்னார். மறுநாள் விடியற்காலையில் இறந்தார்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, மைனியைப் பார்த்து எல்லோர் முன்னிலும் சொன்னார்: “சாவக் கெடந்த மனுசன நடுரோட்டுல போட்டுட்டு வண்டி பழுது பாத்துட்டு நின்னாளாம்.”

மைனி தலையைக் குனியவில்லை. குவைத்திலிருந்து வந்து சேர்ந்த பெரியண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்னத்துக்கு நிறுத்துன?”

“நிறுத்தல்லன்னா நின்னுருக்கும்.”

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு அப்பிடித்தான் தோணிச்சு.”

மாரடைப்பு பெரியது, நேரத்தோடு வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை நான் பெரியண்ணனிடம் சொன்னேன். “டாக்டர் எல்லாருக்கும் அதத்தான சொல்லுவாரு” என்றார். காரை ஷெட்டில் விட்டுப் பூட்டிச் சாவியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். லீவு முடிந்து போய்விட்டார். போனில் வீட்டுச் செலவு, ஜெனியின் படிப்பு எல்லாம் பேசுவார். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

மைனி பல மாதம் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் வண்டி பழுது என்றார். பிறகு ஒருநாள் காலையில் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய மருமகள் நூர்ஜகானை எங்களுக்குத் தெரியும். மைனியின் வண்டியில்தான் அவள் கணவரை வழியனுப்பவும் கூட்டி வரவும் போவாள். அந்தக் கணவர் துபாயில் வேலையிடத்தில் விழுந்து இறந்திருந்தார். அன்று உடல் வருகிறது. ஆண்கள் ஆம்புலன்ஸோடு போகிறார்கள். தானும் வருவேன் என்று நூர்ஜகான் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

“வேற வண்டியில ஏறமாட்டேங்கா. ஒனக்க வண்டியின்னா வருவேங்கா” என்றார் அந்த அம்மா.

மைனி மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தார். நாகர்கோவில் ஆளை வரவழைத்து பேட்டரி மாற்றி, வயர்களைச் சரி செய்து, புதுத் தகட்டு மூடியும் மாட்ட வைத்தார். மதியம் கிளம்பினோம். நூர்ஜகானுக்குத் துணையாக நானும் போனேன்.  விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிற பக்கம் போய் நின்றபோது, ஆம்புலன்ஸில் வந்தவர்கள் காத்து நிற்பது தெரிந்தது. நான் கதவில் கை வைத்தேன். நூர்ஜகான் அசையவில்லை.

“எறங்காண்டாம் மக்கா” என்றார் மைனி, திரும்பாமலே. “வண்டி ஆறணும். ஆறுத வரைக்கும் இரி.”

அன்று ஆற வேண்டிய சூடு ஒன்றும் வண்டியில் இல்லை. பாதி வழியிலிருந்தே மெதுவாகத்தான் வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மைனி முன்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நூர்ஜகான் முதலில் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள். வெளியே இருந்த ஆண்கள் வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். மைனி கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். அவள் தானாகவே முக்காட்டைச் சரி செய்து, “போலாம் அக்கா” என்று சொன்ன பிறகுதான் எஞ்சினை அணைத்தார்.

அதற்குப் பிறகு மைனி ஓட்டுவதை விடவில்லை.

பெரியண்ணன் 2013இல் குவைத்தை விட்டு ஊரோடு வந்துவிட்டார். அந்த வருடமே திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நான் நாகர்கோவிலில் ஏறிக்கொண்டேன். அண்ணன் ஓட்டினார், மைனி பக்கத்தில் இருந்தார். ஆரல்வாய்மொழியில் எதிர்காற்று ஆளைத் தள்ளியது. அண்ணன் விடாமல் மிதித்தார். வண்டியின் இழுப்பு குறைவதைப் பின் சீட்டிலிருந்த நானே உணர்ந்தேன்.

“ஓரமா நிறுத்துங்க. சூடு ஏறுது” என்றார் மைனி.

“அந்தப் பாலம் தாண்டட்டு.”

“நிறுத்துங்க.”

“நேரமாவுதுட்டி.”

பாலம் தாண்டவில்லை. கீச்சென்று ஒரு சத்தம், பின்னால் சாலை தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. அண்ணன் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். டர்போவின் அச்சு முறிந்து ஆயில் முழுக்க உள்ளே போய் எரிந்துவிட்டது என்று பிறகு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். இழுத்துப் போகிற வண்டி வருகிற வரைக்கும் நாங்கள் மூவரும் சாலையோரக் கலுங்கின் சுவர்மேல், கல்யாணத்துக்கு உடுத்திய பட்டோடும் வேட்டியோடும் உட்கார்ந்திருந்தோம். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அண்ணன் வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அன்னைக்கி நீ நிறுத்தல்லன்னா இப்பிடித்தான் ஆயிருக்குமா?”

 அந்த ஒரு கேள்விக்காக மைனி நான்கு வருடம் காத்திருந்திருப்பார் என்று நான் நினைத்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“தெரியாது” என்றார். “ஆயிருக்கலாம். ஆவாமலும் இருந்திருக்கலாம். மாமாவ நெனச்சா நானும் அதத்தான் கேக்கேன்.”

அண்ணன் எழுந்து போய்ச் சற்றுத் தள்ளி நின்றார். காற்றில் அவருடைய வேட்டி படபடத்தது. திரும்பி வந்து மைனியின் பக்கத்தில் உட்கார்ந்தார். 

அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்பு அப்பாவின் நினைவு நாள் வந்தது. உறவினர் எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தையும் இருந்தார். மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த மைனியின் கையிலிருந்த தழும்பைக் காட்டிப் பெரியண்ணன் சத்தமாகச் சொன்னார்: “அத்தே, இது வண்டிய வேடிக்க பாத்து நின்னவளுக்க கை இல்ல. இவ நிறுத்துனதாலதான் அப்பா ஆஸ்பத்திரி வரைக்கும் போனாரு. நான் தெரியாத்தனமா கேட்டுட்டேன். இனி யாரும் கேக்காண்டாம்.”

 ராபின் அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோறு தணுத்துப் போவும். சாப்பிடுங்க” என்றார் மைனி. அத்தையின் இலையில் பெரிய துண்டு மீனாகப் பார்த்து வைத்தார்.

கடந்த மாதம், கோயிலிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று படுத்தாராம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆம்புலன்ஸ் உடனே கிடைத்தது. எங்கும் நிற்காமல் போனது. போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. பெரியண்ணன் அதை என்னிடம் சொன்னபோது, “எங்கயும் நிக்கல்ல” என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடக்கம் மறுநாள் மாலையில். கடலோரக் கல்லறைத் தோட்டம் என்பதால் குழி தோண்டத் தோண்ட மணல் சரிந்துகொண்டே இருந்தது. பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்தார். நூர்ஜகானும் பள்ளிவாசல் தெருப் பெண்கள் சிலரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஜெனி அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். ராபின் அண்ணன் முழந்தாளிட்டு முதல் கைப்பிடி மண்ணைப் போட்டார். குழிக்காரர்கள் மண்வெட்டியை எடுத்ததும், பெரியண்ணன் ஒரு கையை நீட்டி,

“பைய” என்றார். “பையப் போடுங்க.”

அவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு மண்வெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அள்ளிப் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து நாங்களும் அள்ளினோம். காய்ந்த மணல், விரலிடுக்கில் பாதி ஒழுகிப் போயிற்று. குழி நிறைய வெகுநேரமாயிற்று. யாரும் அவசரப்படவில்லை.

மைனி, போயிட்டு வாங்க. அப்பாவைப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் இங்கே நன்றாக இருக்கிறோம் என்று சொல்லுங்கள்.